வயல்மண் நோயும் சல்பாக் குளிசையும்

கல்முனையிலிருந்து தெற்கே சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கடலோரமாக நீள்கின்றன. மேற்கே திரும்பினால் சம்மாந்துறைப் பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் வயல் வட்டைகள். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் பட்டிப்பளை ஆற்றை மறித்துச் சேனநாயக்க சமுத்திரத்தை உருவாக்கியபின், பெரும்போகம் சிறுபோகம் இரண்டுக்கும் இந்நிலம் நீர் பெறுகிறது. இத்தகைய வெப்பவலயச் சேற்றிலும் தேங்கிய நீரிலும் வாழப் பழகிய ஒரு பற்றீரியா உண்டு: பேர்க்கோல்டேரியா சூடோமல்லி. பாத வெடிப்பு வழியாகவோ, மழைக்காலக் காற்றோடு மூச்சு வழியாகவோ, குடிநீர் வழியாகவோ அது உடம்புக்குள் போனால் மெலியோய்டோசிஸ் என்ற நோய் உண்டாகலாம். அதற்கான சிகிச்சை வைத்தியசாலையில் ஊசிமருந்தோடு தொடங்கி, வீட்டில் மூன்று மாதமோ அதற்கு மேலோ விழுங்க வேண்டிய கோட்ரைமொக்சசோல் குளிசையில் முடிகிறது. அக்குளிசையின் பெரும்பகுதி ஒரு சல்போனமைட்டு, சுருக்கமாகச் சல்பா. 1930களில் மருத்துவத்துக்குள் வந்த மலிவான மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்தது. சீழை வெளியேற்றுவது, குளிசையை மாதக்கணக்கில் விடாமல் எடுப்பது, கூடவே போலிக் அமிலம் கொடுப்பது, இடையிடையே இரத்தம் சோதிப்பது என்று வைத்தியர் சொல்லும் விதிகள் தனித்தனிக் கட்டளைகளாகத் தோன்றினாலும், பெரும்பாலும் ஒரே வேரிலிருந்து முளைத்தவை. மருந்து பற்றீரியாவை எந்த இடத்தில் மறிக்கிறது என்பதே அந்த வேர். ஆகவே அதை நோயாளிக்கு விளங்கவைப்பதைச் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே கொள்ள வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

நோய் இலங்கைக்குப் புதிதல்ல. அல்பிரட் விட்மோரும் சி. எஸ். கிருஷ்ணசாமியும் இரங்கூனில் இறந்தவர்களின் உடல்களைச் சோதித்தபோது கண்டு, 1912இல் இதை விவரித்தார்கள். 1927இல் இலங்கையில் வசித்த ஓர் ஐரோப்பியரிடம் இது பதிவாயிற்று. பிறகு பல பத்தாண்டுகள் இப்பெயர் இங்கே அரிதாகவே கேட்டது. கொழும்புப் பல்கலைக்கழக நுண்ணுயிரியலாளர்கள் 2006 முதல் முனைந்து தேடத் தொடங்கிய பின்னர், 2017 நடுப்பகுதிக்குள் ஏறத்தாழ 250 பேரிடம் வளர்ப்புச் சோதனையால் நோய் உறுதியானது. கிழக்கு மாகாணத்திலும் நோயாளர்கள் இனங்காணப்பட்டார்கள். பெரும்பாலானோர் நடுவயது கடந்த ஆண்கள். சீனி வருத்தம் உள்ளவர்களே அதிகம். மண்ணோடும் மழையோடும் தொடர்புள்ள வாழ்க்கை. இத்தனை காலம் தவறியதற்குக் காரணம் தெளிவு. நுரையீரலில் வந்தால் காசநோய்போல் இருக்கும், ஈரலிலும் மண்ணீரலிலும் வந்தால் சாதாரணச் சீழ்க்கட்டிபோல் இருக்கும், ஆய்வுகூடத் தட்டில் வளர்ந்தாலும் மாசு என்று ஒதுக்கிவிட இடமுண்டு. 2016இல் வெளிவந்த ஒரு மதிப்பீடு உலகில் ஆண்டுதோறும் 165,000 பேரை இந்நோய் தாக்குகிறது, 89,000 பேர் இறக்கிறார்கள் என்றது. வடகிழக்குத் தாய்லாந்தில் நோயுற்றவர்களில் ஏறத்தாழ 40 சதவீதத்தினர் இறக்க, அவுஸ்திரேலியாவின் டார்வின் நகரில் அது 10 சதவீதமளவுக்கு இறங்கியிருக்கிறது. கிருமி ஒன்றே. நேரத்தோடு கண்டுபிடிப்பதும், தீவிர சிகிச்சையும், மருந்தை முழுமையாக முடிப்பதும் அந்த இடைவெளியில் பெரும்பங்கு வகிக்கின்றன.

மருந்தின் கதைக்கு வருவோம். 1932இன் இறுதியில் ஜேர்மனியில் பேயர் நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் கெர்ஹார்ட் டோமாக், ப்ரொன்டோசில் என்ற செஞ்சாயம் ஸ்ட்ரெப்டோகொக்கஸ் தொற்றிய எலிகளைக் காப்பாற்றுவதைக் கண்டார், 1935இல் வெளியிட்டார். அதே சாயம் சோதனைக் குழாயில் பற்றீரியாவை ஒன்றும் செய்யவில்லை. அந்தப் புதிரை அதே ஆண்டு பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தார் அவிழ்த்தார்கள்: உடம்புக்குள் சாயம் பிளந்து, சல்பனிலமைட்டு என்ற நிறமற்ற சிறு மூலக்கூறு விடுபடுகிறது, வேலை செய்வது அதுதான். லண்டனில் லெனார்ட் கோல்புரூக் 1936இல் பிரசவக் காய்ச்சலுக்கு இதைக் கொடுத்துத் தாய்மாரைக் காப்பாற்றினார். ஆனால் எப்படி என்ற கேள்வி 1940 வரை நின்றது. அந்த ஆண்டு டொனல்ட் வூட்ஸ், ஈஸ்ட் சாற்றைச் சேர்த்தால் மருந்தின் தடையை மீறிப் பற்றீரியா மீண்டும் வளர்வதைக் கண்டார். சாற்றிலிருந்த பொருள் பரா-அமினோபென்சோயிக் அமிலத்தைப்போல் நடந்துகொண்டது. அதன் அமைப்பும் சல்பனிலமைட்டின் அமைப்பும் ஏறக்குறைய ஒன்று. பற்றீரியாவுக்கு இந்த அமிலம் எதற்கு என்பதை இன்னொரு பாதை காட்டியது. 1928 முதல் பம்பாயில் ஆய்வு செய்த லூசி வில்ஸ், அங்குள்ள கர்ப்பிணிகளின் இரத்தச்சோகையை ஈஸ்ட் சாறான மார்மைட் தீர்ப்பதைக் கண்டிருந்தார். நம் கடைகளில் இன்றும் விற்கும் அதே மார்மைட்தான். தீர்த்த பொருள் போலிக் அமிலம் என்பது பின்னர் தெரிந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் வழிநடத்திய லெடர்லி ஆய்வுக்குழு, 1945–46இல் போலிக் அமிலத்தின் அமைப்பைத் தெளிவாக்கி அதைச் செயற்கையாகவும் ஆக்கியது. அந்த அமைப்பின் நடுவில் வூட்ஸின் அமிலம் அப்படியே உட்கார்ந்திருந்தது.

பற்றீரியாவுக்குள் ஒரு நொதியம் அந்த அமிலத்தை எடுத்து, தெரின் என்ற இன்னொரு துண்டோடு இணைத்து, போலிக் அமில வகையான போலேற்றுக்கான முதல் கட்டத்தை அமைக்கிறது. போலேற்று இல்லாமல் டிஎன்ஏயின் எழுத்துகளில் ஒன்றான தைமீனும் இல்லை, பியூரின்களும் இல்லை, சில அமினோ அமிலங்களும் இல்லை. செல் பிரிய முடியாது. சல்போனமைட்டு அந்த நொதியத்தில் அமிலத்துக்குரிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. விதைநெல்லோடு கலந்த பதர்போல, வடிவம் சரியாக இருப்பதால் உள்ளே ஏற்கப்படுகிறது, முளைப்பதற்கு மட்டும் அதில் ஒன்றுமில்லை. 2012இல் அந்திராக்ஸ், பிளேக் கிருமிகளின் நொதியங்களைப் பளிங்காக்கிப் பார்த்த அமெரிக்க ஆய்வாளர்கள், மருந்து உட்காரும் இடத்தையே நேரடியாகக் காட்டினார்கள். மனித உடம்பில் இந்த நொதியமே கிடையாது. கீரையிலிருந்தும் பருப்பிலிருந்தும் போலேற்றை ஆயத்தமாகப் பெறுகிறோம். பெரும்பாலான பற்றீரியாக்களோ வெளியிலுள்ள போலேற்றை உள்ளெடுக்க வல்லவையல்ல. மருந்து கிருமியை மறித்து மனிதரை விட்டுவைப்பதற்கு இந்த வேறுபாடே அடிப்படை. இதில் இரண்டு விளைவுகள் அடங்கியிருக்கின்றன. முதலாவது, மருந்து வந்த கணத்தில் பற்றீரியா நின்றுவிடாது. முன்பே செய்து வைத்த போலேற்று செல்லுக்குள் இருப்பில் இருக்கும். அது தீரும்வரை பல தலைமுறைகள் பிரிந்துகொண்டே போகும். இரண்டாவது, இது போட்டி. வூட்ஸின் கணக்கில் ஒரு பங்கு அமிலம் ஆயிரக்கணக்கான பங்கு சல்பனிலமைட்டின் விளைவை அழித்துவிடக்கூடியது. ஆகவே மருந்தின் செறிவு தாழ்ந்தால் இடம் உடனே கைமாறுகிறது. ஒரு வேளைக் குளிசையைத் தவறவிடுவது சின்ன விஷயமல்ல என்று வைத்தியர் சொல்வதற்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது.

இன்றைய குளிசையில் சல்பா தனியாக இல்லை. ஜோர்ஜ் ஹிட்சிங்ஸும் கெர்ட்ரூட் எலியனும் பணியாற்றிய ஆய்வுகூடத்தில் பிறந்த டிரைமெதோபிரிம், அதே பாதையின் பிந்திய படியை மறிக்கிறது. அந்தப் படியிலுள்ள நொதியம் மனிதரிலும் உண்டு. ஆனால் பற்றீரியாவின் நொதியத்தைப் பல்லாயிரம் மடங்கு இறுக்கமாக டிரைமெதோபிரிம் பிடிப்பதால் நாம் தப்புகிறோம். 400 மில்லிகிராம் சல்பாமெதொக்சசோலும் 80 மில்லிகிராம் டிரைமெதோபிரிமும் சேர்ந்த 480 மில்லிகிராம் குளிசையாக இது 1960களின் இறுதியில் வழக்குக்கு வந்தது. ஒரே பாதையை இரண்டு இடத்தில் மறித்தால் தைமீன் தட்டுப்பாடு முற்றி, வளர்ச்சி தடைப்படுவதோடு நில்லாமல் பற்றீரியா இறக்கவும் நேரும். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: சுற்றுப்புறத்தில் தைமிடின் கிடைக்கக்கூடாது.

அந்த நிபந்தனைதான் சீழுக்கு நம்மை இட்டுச் செல்கிறது. சீழ் என்பது இறந்த வெள்ளணுக்களும் சிதைந்த திசுவும் சேர்ந்த பொருள். சிதைந்த டிஎன்ஏயிலிருந்து வந்த தைமிடினும் பியூரின்களும் அதில் ஏராளம். 1940இல் கொலின் மக்லியோட், சல்பா மருந்தின் செயலைத் தடுக்கும் பொருள்கள் விலங்குத் திசுவிலும் பற்றீரியாவிலும் இருப்பதைக் காட்டினார். போலேற்றுப் பாதையை மருந்து மறித்தாலும், அந்தப் பாதை தரவேண்டிய இறுதிப் பொருள்கள் சீழிலேயே கிடைத்துவிட்டால் பற்றீரியாவுக்கு மருந்தைப் பற்றிக் கவலையில்லை. மெலியோய்டோசிஸ் சீழ் கட்டும் நோய். ஈரல், மண்ணீரல், ஆண்களில் புரோஸ்டேட் சுரப்பி, எலும்பு, மூட்டு என்று உள்ளுக்குள் கட்டிகளை வைக்கும். பெரிய கட்டியைக் கண்டறிந்து வடிப்பது மருந்துக்கு வழி திறக்கும் வேலையும் ஆகும். ஊசி குத்திச் சீழ் எடுக்கச் சொன்னால் அஞ்சி, குளிசை போதாதா என்று கேட்பவருக்கு, சீழ் இருக்கும் இடத்தில் குளிசை வலுவிழக்கிறது என்ற ஒரு வரி விளக்கம், மிரட்டலைவிட நன்றாக வேலை செய்யும் என்று நினைக்கிறேன். அடிவயிற்று நோவோடு வரும் வயற்காரர் ஒருவருக்கு சீனி வருத்தமும் இருந்தால், ஸ்கான் எடுத்துக் கட்டி இருக்கிறதா என்று பார்ப்பதில் தயங்க வேண்டியதில்லை.

இங்கே ஓர் ஆட்சேபம் நியாயமாக எழும். நோயாளியின் உயிரைக் காப்பாற்றுவது சல்பா அல்லவே, ஊசிமருந்துதானே? உண்மை. 1989இல் தாய்லாந்தில் நடந்த சோதனை, செஃப்டாசிடிம் என்ற ஊசிமருந்து கடுமையான மெலியோய்டோசிஸின் இறப்பை ஏறக்குறையப் பாதியாக்கியதைக் காட்டியது. குறைந்தது 10 முதல் 14 நாள் செஃப்டாசிடிமோ மெரோபெனமோ இரத்தநாளம் வழியே போக வேண்டும். சல்பாக் குளிசையை மட்டும் கொடுத்து அந்தக் கட்டத்தைக் கடக்கப் பார்ப்பது ஆபத்து. ஆனால் ஊசிமருந்து முடிந்தபின் காய்ச்சல் விட்டு, சாப்பாடு இறங்கி, நோயாளி வீடு திரும்பும்போது கிருமி முழுவதும் போய்விடவில்லை. இது வெள்ளணுக்களுக்குள்ளேயே உயிர்வாழக்கூடிய கிருமி. இரண்டாம் உலகப் போரில் தென்கிழக்காசியாவில் சிறைப்பட்டிருந்த ஓர் அமெரிக்கப் படைவீரரிடம் 62 ஆண்டுகளுக்குப் பின் நோய் வெளிப்பட்டதாகப் பதிவுண்டு. குடலிலிருந்து நன்றாக உறிஞ்சப்பட்டு, திசுக்களுக்குள்ளும் செல்களுக்குள்ளும் ஊடுருவும் மலிவான குளிசை இந்த இரண்டாம் கட்டத்துக்குத் தேவை. அந்த இடத்தைத்தான் கோட்ரைமொக்சசோல் நிரப்புகிறது. தாய்லாந்தில் நோயாளர்களைத் தொடர்ந்து கவனித்தபோது, நோய் திரும்புவதைத் தீர்மானிப்பதில் முதலிடம் பெற்றவை எந்தக் குளிசை, எத்தனை நாள் என்ற இரண்டுமே. 8 வாரத்துக்குள் நிறுத்தியவர்களோடு ஒப்பிட்டால், 12 முதல் 16 வாரம் எடுத்தவர்களிடம் நோய் திரும்பும் வாய்ப்பு மிகப் பெருமளவு குறைந்திருந்தது. முன்பெல்லாம் டொக்சிசைக்கிளினையும் சேர்த்துக் கொடுப்பார்கள். 600க்கும் மேற்பட்ட தாய்லாந்து நோயாளர்களிடம் 20 வாரம் நடந்து 2014இல் வெளிவந்த சோதனை, கோட்ரைமொக்சசோல் தனியாகவே அதற்குக் குறையாமல் காக்கிறது, பக்கவிளைவும் குறைவு என்று காட்டியது. பழைய மருந்து என்பதற்காக இதைத் தாழ்த்திப் பார்ப்பவர்களுக்கு அதுவே பதில். எலும்பிலோ மூளையிலோ தொற்று இருந்தால் 6 மாதம் வரை நீளும்.

இரண்டாவது ஆட்சேபம் பக்கவிளைவு பற்றியது, இதுதான் கனமானது. மெலியோய்டோசிஸுக்கான அளவு சாதாரணச் சிறுநீர்த் தொற்றுக்கான அளவைவிட அதிகம்: சிறுநீரகம் சரியாக இயங்கும், 40 முதல் 60 கிலோ எடையுள்ள வளர்ந்தவருக்கு 480 மில்லிகிராம் குளிசை மூன்று, நாளுக்கு இரண்டு வேளை. இதை மாதக்கணக்கில் எடுப்பவருக்குத் தோல் தடிப்பு, குமட்டல், இரத்த அணுக் குறைவு வரலாம். அரிதாக வாயும் கண்ணும் தோலும் புண்ணாகி உரியும் உயிராபத்தான ஸ்டீவன்ஸ்-ஜோன்சன் நிலையும் வரும். தோலில் தடிப்போ வாயில் புண்ணோ கண்டால் அடுத்த குளிசையை விழுங்காமல் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்; இது ஒன்றில் மட்டும் விடாமல் எடு என்ற விதிக்கு விலக்குண்டு. ஜி6பிடி நொதியக் குறைபாடு உள்ளவர்களின் செங்குருதி அணுக்கள் சிதையவும் இடமுண்டு. ஆனால் மற்றப் பல விளைவுகளை முன்கூட்டியே எதிர்பார்த்துக் கையாள முடிகிறது என்பதையும் சொல்ல வேண்டும். டிரைமெதோபிரிம் மனித நொதியத்தையும் சற்றே தொடுவதால் நீண்டகாலத்தில் நமது போலேற்றும் குறையலாம். அதனால்தான் கூடவே போலிக் அமிலக் குளிசை. கிருமிக்குத் தேவையானதை மறித்துவிட்டு நோயாளிக்கு அதையே கொடுத்தால் கிருமியும் அதில் பிழைக்காதா என்ற சந்தேகம் நல்ல சந்தேகம். இந்தக் கிருமியால் ஆயத்தமான போலேற்றை உள்ளெடுக்க முடியாது என்பதே அதற்கு விடை. எந்தக் குறைபாட்டால் மருந்துக்கு அகப்படுகிறதோ, அதே குறைபாட்டால் போலிக் அமிலமும் அதற்குப் பயனற்றுப் போகிறது. எல்லாப் பற்றீரியாவுக்கும் இது பொருந்தாது. என்டரோகொக்கஸ் வெளிப் போலேற்றைப் பயன்படுத்தவல்லது. அதனாலேயே அதன் தொற்றுக்கு இக்குளிசை நம்பத்தக்கதல்ல.

எதிர்ப்பாற்றல் பற்றிய கவலையும் நியாயமானது. சல்பா மருந்துகள் பெருவழக்கான சில ஆண்டுகளிலேயே அவற்றுக்கு அடங்காத பற்றீரியாக்கள் தோன்றின. சல்1, சல்2 எனப்படும் மரபணுக்கள் பிளாஸ்மிட்டு வழியாக ஒரு பற்றீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவி, மாற்று நொதியம் ஒன்றைக் கொடுத்துவிடுகின்றன. 2023இல் வெளிவந்த அமைப்பாய்வு, அந்த மாற்று நொதியத்தில் செருகப்பட்ட இரண்டே அமினோ அமிலங்கள், உரிய அமிலத்தை உள்ளே விட்டு மருந்தை மட்டும் வெளியே தள்ளுவதைக் காட்டியது. சிறுநீர்த் தொற்றுக்குக் காரணமான ஈ. கோலையில் இந்த எதிர்ப்பு பரவலாக இருப்பதால், பாமசியில் போய்ப் பெயர் சொல்லி இக்குளிசையை வாங்கி இரண்டு நாள் போட்டுவிட்டு நிறுத்துவது பயன் தராததோடு தீங்கும் செய்யும். பேர்க்கோல்டேரியா சூடோமல்லியிலோ நிலைமை வேறு; அதில் கோட்ரைமொக்சசோலுக்கு எதிர்ப்பு இன்னும் அரிது. அதில் தோன்றும் எதிர்ப்பும் பெரும்பாலும் மருந்தைச் செல்லிலிருந்து வெளியே இறைக்கும் பொறியை முடுக்கிவிடுவதால் வருவது. ஆய்வுகூடத்தின் மருந்து வட்டுச் சோதனை சிலவேளை எதிர்ப்பு இல்லாத இடத்தில் இருப்பதாகக் காட்டிவிடும். ஆகவே அந்த ஒரு முடிவை வைத்து நல்ல மருந்தைக் கைவிடாமல், செறிவை அளக்கும் இ-டெஸ்ட் முறையில் உறுதிப்படுத்த வேண்டும்.

கடைசியாக, நெரிசலான கிளினிக்கில் இத்தனையையும் நோயாளிக்குச் சொல்ல யாருக்கு நேரம் என்று கேட்கலாம். முழு உயிர்வேதியியலும் தேவையில்லை. கிருமி தனக்கு வேண்டிய போலேற்றைத் தானே செய்கிறது, குளிசை அந்த இடத்தைப் பிடித்து வைத்திருக்கும்வரைதான் அதனால் செய்ய முடியாது, விட்டால் மீண்டும் தொடங்கும். இவ்வளவும் தமிழில் ஒரு நிமிடத்துக்குள் சொல்லக்கூடியது, தாதியோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரோ சொல்லலாம். காய்ச்சல் விட்ட பின்னும் மூன்று மாதம் ஏன் என்ற கேள்விக்கு விடை கிடைக்காதவர், விதைப்பு வேலை வந்ததும் குளிசையை நிறுத்தினால் அவரைக் குறை சொல்ல முடியாது. இந்தக் கரையோர முஸ்லிம் ஊர்களில் இன்னொரு கேள்வியும் வரும். மூன்று மாதச் சிகிச்சைக்குள் ரமழான் குறுக்கிட்டால் என்ன செய்வது? நோயாளிக்கு நோன்பை விட்டுப் பின்னர் நோற்கும் சலுகை மார்க்கத்தில் உண்டு. சீனி வருத்தமும் இந்நோயும் சேர்ந்தவருக்கு, முக்கியமாக முதல் வாரங்களில், அந்தச் சலுகையை வைத்தியர் வலியுறுத்துவதே முறை. தேறிவரும் கட்டத்தில் நோற்க விரும்புகிறவருக்கு, மருந்தின் இயல்பே ஓரளவு இடம் தருகிறது. இரண்டு பகுதிகளும் இரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறத்தாழ 10 மணித்தியாலம் ஆகும்; ஸஹரிலும் நோன்பு திறக்கும் நேரத்திலும் எடுத்தால் இரு வேளைகளுக்கு இடையே ஏறக்குறைய 14 மணித்தியாலமும் 10 மணித்தியாலமும் வரும். தடை நீரில் இருக்கிறது. சல்பா சிறுநீரில் பளிங்காகப் படியாதிருக்க நிறையக் குடிக்க வேண்டும். டிரைமெதோபிரிமோ இரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றும். சீனி வருத்தக்காரர்கள் பலர் பிரஷருக்கும் சிறுநீரகத்துக்கும் எடுக்கும் லொசார்டான், எனலப்ரில் குளிசைகளும் அதையே செய்பவை. ஆகவே நோன்புக்கு முந்திய கிளினிக்கிலேயே சிறுநீரக இயக்கத்தைக் காட்டும் கிரியேட்டினினையும் பொட்டாசியத்தையும் பார்த்து, அவை சரியாக இருந்தால் மட்டும் வேளையை மாற்றி எழுதிக்கொடுத்து, நோன்பின் முதல் வாரம் முடிந்ததும் மறுபடி இரத்தம் எடுக்க நாள் குறித்துவிட வேண்டும்.